டிரம்ஸ் பக்கத்தில் நின்றவள்

ஓச்சோ ரியோஸ்
16 பிப்ரவரி 1975

கம்பி,

அன்புள்ள என்று போடவில்லை, கவனித்தாயா? கவனி.

இன்று காலை ஹோட்டல் சமையலறையில் மிஸ் ஐனா அக்கிப் பழம் வதக்கிக்கொண்டே ரேடியோவைத் திருகினாள். பேஸ் கிட்டார் வந்தது. டும் டும், ஒரு மூச்சு இடைவெளி, டும். “என் பாட்டு, என் பாட்டு, சத்தமா வைங்க” என்று கரண்டியை மைக் மாதிரி பிடித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் வேறொருத்தி பாடத் தொடங்கிவிட்டாள்.

“உனக்கென்ன, சளி பிடிச்சிருக்கா? குரலே வேற மாதிரி இருக்கே” என்றாள் மிஸ் ஐனா.

“எனக்குச் சளி இல்ல. கிங்ஸ்டன்ல ஒருத்தனுக்குச் சனி பிடிச்சிருக்கு” என்றேன்.

டெல்சீட்டா. கடைசி வரியை மூக்கால் முடிப்பதை வைத்தே கண்டுபிடித்தேன். அவளை என் தாளக்கட்டில் ஏற்றிவிட்டிருக்கிறாய். டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் பதிந்த அதே ‘தகரக் கதவு’ டேப். என் குரலை மட்டும் தோல் மாதிரி உரித்துப் போட்டுவிட்டு அவள் குரலைப் போர்த்தியிருக்கிறாய். தீவு முழுக்க ஆறு மாதம் முணுமுணுத்த பாட்டு அது. பாடியபோது எனக்குப் பதினேழு, பதிவுசெய்தபோது உனக்குப் பத்தொன்பது. நம் இரண்டு பேருக்கும் இருப்பதே அந்த ஒரு பாட்டுதான்.

அந்த பேஸ் எங்கிருந்து வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? உன் வீட்டுத் தகரக் கதவை நான் உதைத்ததிலிருந்து. இரண்டு உதை, செருப்பு கழன்றது, மாட்டிக்கொண்டு இன்னொரு உதை. நீ பற்றவைக்கிற கம்பியும் கையுமாக ஓடி வந்து, “திறக்க மாட்டேன். திரும்ப உதை, அதே மாதிரி உதை” என்றாய். என் செருப்புக்கு டெல்சீட்டா நன்றி சொன்னாளா?

நான் கிளம்பிய அன்று உன் ஸ்பீக்கர் பெட்டி மேல் கையை வைத்து, “நீ திரும்பி வர்ற வரைக்கும் இந்த டேப்புல வேற யாரும் பாட மாட்டாங்க” என்று சத்தியம் செய்தாய். ஆஸ்மண்ட் சாட்சி. டிரம்ஸ் குச்சியால் முதுகு சொறிந்துகொண்டிருந்தாலும் சாட்சி சாட்சிதான்.

இங்கே மிஸ்டர் பாஸ்கோ இருக்கிறார். ஹோட்டல் பாண்டின் தலைவர், சாக்ஸபோன் வாசிப்பவர். மிஸ்டர் பாஸ்கோ சொன்ன வாக்கைக் காப்பாற்றுவார். மிஸ்டர் பாஸ்கோ என் குரலை வெல்வெட் என்கிறார். நீ ஒருமுறை அதை ஈரத் தகரம் என்றாய். மிஸ்டர் பாஸ்கோ சட்டைக்கு இஸ்திரியும் போடுகிறார்.

பதில் எழுது. கம்பி நீட்டலாம் என்று நினைக்காதே. எனக்குக் கம்பியை வளைக்கவும் தெரியும்.

மெர்வலின்


கிங்ஸ்டன்
22 பிப்ரவரி 1975

மெர்வி,

கிறிஸ்துமஸ் கூட்டத்துக்குப் பாடிவிட்டு மூன்று வாரத்தில் வருவதாகச் சொல்லிப் போனாய். நேற்றோடு பதினொரு வாரம். ‘திரும்பி வருகிற வரை’ என்பதை நான் எத்தனை வாரம் என்று வைத்துக்கொள்வது?

ஏதோ உலகத்தில் நடக்காதது நடந்த மாதிரி எழுதுகிறாய். ஆரஞ்சுத் தெருவில் எந்த இசைத்தட்டுக் கடையில் வேண்டுமானாலும் கேட்டுப் பார். நல்ல தாளக்கட்டு என்றால் பத்துப் பேர் அதன்மேல் பாடுவார்கள். யாரும் பாடக் கேட்காவிட்டால்தான் டேப் செய்தவனுக்கு அவமானம். போன வருஷம் நீயே இன்னொருத்தியின் டேப்பில் பாடினாய். அவள் ஸ்டூடியோ வாசலில் நின்று அழுதாள். அந்த அழுகையை வைத்து நீ ஒரு பாட்டு கட்டினாய்.

விஷயம் இதுதான். ஈஸ்டர் திங்களன்று ஹெல்ஷயர் கடற்கரையில் என் கரும்பருந்தும் மேயரின் இரும்புக்குதிரையும் மோதுகின்றன. ஒரே மணலில் இரண்டு சவுண்ட் செட், அவன் ஒரு பாட்டு, நான் ஒரு பாட்டு. கூட்டம் யாருக்குக் கூச்சல் போடுகிறதோ அவன் ஜெயித்தான். அவனுக்கு நாற்பது வயது, தானே வைத்துக்கொண்ட மேயர் பட்டம், பதினாறு பெட்டி. எனக்கு நானே ஆணியடித்த எட்டுப் பெட்டி. தோற்றால் இந்த வருஷம் ஒரு கல்யாணத்துக்குக்கூட என்னைக் கூப்பிட மாட்டார்கள். வேறு எவனிடமும் இல்லாத பாட்டு எனக்கு வேண்டும். நீ இல்லை. டெல்சீட்டா இருந்தாள்.

அவள் பத்து மணி என்றால் பத்து மணிக்கு வருகிறாள். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறாள். பாடிக்கொண்டே யாரையும் கிள்ளுவதில்லை.

ஒரு சந்தேகம். உன் கடிதத்தில் மிஸ்டர் பாஸ்கோ நான்கு தடவை வருகிறார். எண்ணவில்லை, கண்ணில் பட்டது. அவருக்கு என்ன வயது?

உன்னுடைய அடுத்த பாட்டுக்கு டேப் தயார். ‘ஈரத் தகரம்’ என்று பேர் வைத்திருக்கிறேன். நான் அதைத் திட்டாகச் சொல்லவில்லை. மழை விழும்போது தகரத்திலிருந்து வருகிற சத்தம் எனக்குப் பிடிக்கும். மார்ச் 22 சனிக்கிழமை வா.

எகர்டன்


ஓச்சோ ரியோஸ்
3 மார்ச் 1975

திரு. எகர்டன் அவர்களுக்கு,

கம்பி என்று கையெழுத்துப் போட வெட்கமாகிவிட்டதா? பத்து மணிக்கு வருகிறவள் முழுப் பெயரும் சொல்லித்தான் கூப்பிடுவாள் போலிருக்கிறது.

நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறாளாம். சொன்ன இடத்தில் ஆடுகூட நிற்காது, விளக்குக் கம்பம்தான் நிற்கும். நீ கம்பி, அவள் கம்பம். பொருத்தம் பிரமாதம். கரண்ட் வருகிறதா?

உன் ஜோக்குக்கு அவள் சிரிக்கிறாளா? உனக்குத் தெரிந்ததே ஒரு ஜோக். அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது. அதிலும் முடிவை முதலில் சொல்லிவிடுவாய்.

இதுவரை மூன்று தாள் கிழித்துவிட்டேன். எல்லாத் தாளிலும் ஒரே கேள்விதான் வந்து நிற்கிறது. அவள் பாடும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நீ தலையை ஆட்டினாயா? எனக்கு ஆட்டுகிற மாதிரியேவா? அதை மட்டும் சொல். வேண்டாம், சொல்லாதே.

மிஸ்டர் பாஸ்கோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆனால் அவரிடம் ஒரு கப்பல் இருக்கிறது. சொந்தம் இல்லை, வாசிக்கப் போகிற கப்பல். ஏப்ரல் 27 புறப்பட்டு ஒரு வருஷம் தீவு தீவாகச் சுற்றும். பாடகி வேண்டும் என்கிறார். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேனா மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.

22ஆம் தேதி வர மாட்டேன். உன் ஈரத் தகரத்தில் கம்பத்தையே நடு. ஈஸ்டருக்கு உனக்கு ஒரு பரிசு அனுப்புகிறேன், கடற்கரைக்கே வந்து சேரும். எல்லோரும் அனுப்புகிற ஈஸ்டர் பன்னும் சீஸும் என்று நினைத்து நாக்கைத் தீட்டாதே.

மெர்வலின்


கிங்ஸ்டன்
10 மார்ச் 1975

மெர்வி,

ஆட்டினேன். யார் பாடினாலும் ஆட்டுவேன். அது வேலை.

கப்பல் நல்லதுதான். கடல்காற்று மைக்குக்குத்தான் ஆகாது, ஆளுக்கு ஆகும்.

எகர்டன்


கிங்ஸ்டன்
24 மார்ச் 1975

மெர்வி,

இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

டெல்சீட்டா போய்விட்டாள். சனிக்கிழமை அவள் பாட்டை ஸ்டூடியோவின் பெரிய ஸ்பீக்கரில் முதன்முறையாகக் கேட்டாள். பாதியில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள்.

“யாரவ?”

“எவ?”

“என் பாட்டுக்கு அடியில ஒருத்தி பாடிக்கிட்டிருக்கா. மூணாவது வரிக்கு முன்னால சிரிக்கிறா. காது கேக்காதுன்னு நினைச்சியா? யாரவ?”

எனக்கு முன்பே தெரியும். ரேடியோவில் கேட்காது, சின்ன ஸ்பீக்கரில் கேட்காது, அதனால் விட்டுவிட்டேன். தகரக் கதவு பதிந்த அன்று, பாடகர் கூண்டுக்குள் பெயின்ட் நாற்றம் என்று நீ வெளியே வந்துவிட்டாய். ஆஸ்மண்டுக்குப் பக்கத்தில் நின்று, அவன் தாளம் தப்ப வேண்டும் என்று முகத்தைக் கோணிக்காட்டிக்கொண்டே பாடினாய். டிரம்ஸுக்கு வைத்த மைக்கில் நீயும் கசிந்துவிட்டாய். உன் குரல் இருந்த தடத்தை அழித்துவிட்டேன். டிரம்ஸ் இருக்கும் தடத்தில் நீ அப்படியே இருக்கிறாய். அதை அழித்தால் டிரம்ஸும் போய்விடும். இரண்டு மத்தியானம் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தேன். உன்னைக் குறைத்தால் தாளம் குறைகிறது.

டெல்சீட்டாவிடம் இதைச் சொன்னேன். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “இந்த டேப்புல எவ பாடினாலும் ரெண்டாவது பொண்டாட்டிதான். இனிமே என்னைக் கூப்பிடாத” என்றாள்.

ஆகவே உன் டேப்பை நான் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்றும் சொல்லலாம். கொடுக்க முடியவில்லை என்பதுதான் சரி.

ஈஸ்டர் திங்களுக்கு ஒன்று செய்து வைத்திருக்கிறேன். டிரம்ஸும் அதில் கசிந்த உன் குரலும் மட்டும். வேறு எதுவும் இல்லை. ஒரே பிரதி, ஸ்பெஷல் இசைத்தட்டு. மேயரிடம் இந்த மாதிரி எதுவும் இருக்காது. இந்தத் தட்டுகள் மெத்தென்று இருக்கும், உனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை போடும்போதும் ஊசி கொஞ்சம் தின்றுவிடும், முப்பது நாற்பது தடவையில் தீர்ந்துவிடும். அதனால் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்காமல் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

கடைசியாக அதைத்தான் போடுவேன்.

எகர்டன்


ஓச்சோ ரியோஸ்
29 மார்ச் 1975, சனிக்கிழமை

கம்பி,

அவசரம். வேன் ஓட்டுகிற ஸ்டெடி கையில் இதைக் கொடுக்கிறேன். பெரிய வெள்ளிக்குத் தபால் இல்லாமல் உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. நானே வந்திருப்பேன். ஈஸ்டர் கூட்டம், மூன்று நாளும் நிகழ்ச்சி, மிஸ்டர் பாஸ்கோ வாசலைவிட்டு நகர மாட்டேன் என்கிறார்.

திங்கள்கிழமை கடற்கரைக்குப் போகாதே. வயிற்றுப்போக்கு என்று சொல். பெட்டியில் எலி புகுந்துவிட்டது என்று சொல்.

பிப்ரவரி கடைசியில் மேயர் இங்கே வந்தான். தொப்பியைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான், பக்கத்தில் ஒரு ஓட்டை டேப் ரெக்கார்டர். “தங்கச்சி, உன் பாட்டை எவளோ தூக்கிட்டுப் போயிட்டாளாமே” என்றான். தகரக் கதவு இசைத்தட்டின் பின்பக்கம் குரல் இல்லாமல் தாளக்கட்டு மட்டும் போட்டிருக்கிறாயே, அதை ஓடவிட்டான். அவன் ஸ்பெஷல் தட்டு வெட்டுவதற்காக நான் வார்த்தைகளை மாற்றிப் பாடிக்கொடுத்துவிட்டேன்.

‘பருந்து பருந்துன்னான், பக்கத்துல போய்ப் பார்த்தா கோழிக்குஞ்சு.’

இன்னும் மூன்று வரி இருக்கிறது. பாட வாய் வந்தது, எழுதக் கை வரவில்லை.

இதுதான் நான் சொன்ன ஈஸ்டர் பரிசு. அதைக் கேட்டதும் கோபத்தில் கொதித்துப்போய் நீ இங்கே ஓடி வருவாய், வாசலில் நின்று என்னைத் திட்டுவாய் என்று நினைத்தேன். திட்டம் அவ்வளவுதான். நீ தோற்பது திட்டத்தில் இல்லை. உன் தெருமுனைக் கடை நம்பருக்கு ஐந்து தடவை போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை.

போகாதே.

மெர்வி


கிங்ஸ்டன்
2 ஏப்ரல் 1975

மெர்வி,

ஸ்டெடி ஈஸ்டருக்கு வழியிலேயே மாமியார் வீட்டில் தங்கிவிட்டானாம். உன் கடிதம் நேற்று வந்தது. உன் குரல் முந்தாநாளே வந்துவிட்டது.

நாலரை மணிவரை நான்தான் முன்னால். மீன் பொரிப்பவர்கள்கூடச் சட்டியை விட்டுவிட்டு என் பெட்டிகள் பக்கம் வந்து நின்றார்கள். கடைசித் தட்டை, உன் தட்டை, உறையிலிருந்து உருவப் போனேன். அப்போது மேயர் மைக்கை எடுத்தான். “பருந்துக்காரத் தம்பிக்கு ஓச்சோ ரியோஸ்லேர்ந்து ஒரு சேதி வந்திருக்கு. அனுப்பினது யாருன்னு குரலை வச்சே கண்டுபிடிங்க.”

முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். வேலித் தகரத்தை அடித்து அடித்துத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். ஐந்து தடவை போட்டான். நாலாவது தடவைக்குள் மொத்தக் கடற்கரையும் சேர்ந்து பாடியது. ஒரு சின்னப் பெண் என் முன்னால் வந்து நின்று கொஞ்சம் சோளம் போட்டுவிட்டுப் போனாள்.

உன் தட்டை நான் போடவில்லை. எப்படிப் போடுவது? எல்லோருக்கும் கேட்கும்படி நீ என்னைக் கோழிக்குஞ்சு என்று சொன்ன பிறகு, நீ எனக்காகப் பாடுவதாக ஒன்றை? திரும்ப உறைக்குள் தள்ளிவிட்டு ஒயர்களைச் சுருட்டினேன்.

தோற்றதைச் சொல்ல இதை எழுதவில்லை. சொல்ல வேண்டியது வேறு. அந்தப் பாட்டு நன்றாக இருந்தது. நீ பாடியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. கடைசி வரியில் உன் குரல் கிழிகிறதே, அதற்காக ஒரு வருஷம் உன்னிடம் கெஞ்சியிருக்கிறேன். மைக்கை மாற்றினேன், ஜன்னலுக்குப் போர்வை கட்டினேன், உனக்குத் தேனும் இஞ்சியும் வாங்கிக்கொடுத்தேன். என்னிடம் ஒருநாளும் வராதது அவனுடைய ஓட்டை ரெக்கார்டரில் வந்திருக்கிறது.

அவனுடைய பதினாறு பெட்டியைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்ததில்லை. அந்த வரிக்கு வந்தது.

கப்பலில் நல்லபடியாகப் போய் வா.

கோழிக்குஞ்சு


ஓச்சோ ரியோஸ்
8 ஏப்ரல் 1975

கம்பி,

இந்தக் கடிதத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. தேடாதே.

மேயருக்குப் போன் செய்து தட்டைத் திருப்பிக் கேட்டேன். “பாடினது நீ தங்கச்சி, தட்டு என்னுது. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போடுறேன், ஜனங்க சோத்தைப் பாதியில விட்டுட்டு வர்றாங்க” என்றான். டேப்புக்கு நீ சொன்ன அதே நியாயம். நீ சொன்னபோது கத்தினேன். அவன் சொன்னபோது போனை வைத்துவிட்டேன்.

கடைசி வரியில் குரல் கிழிந்தது ரெக்கார்டருக்காக இல்லை. நீ கேட்பாய் என்று நினைத்துப் பாடினேன். முன்னால் நீ எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தாய், அதனால் கிழித்துக்கொள்ள அவசியம் வரவில்லை.

அப்புறம் அந்த மூன்றாவது வரிச் சிரிப்பு. ஆஸ்மண்டைப் பார்த்துச் சிரித்ததாக நினைக்கிறாய். நீ தலையை ஆட்டி ஆட்டிக் கண்ணாடியில் நெற்றியை இடித்துக்கொண்டாய். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மெதுவாகத் தேய்த்துவிட்டுக்கொண்டாய். அதற்குத்தான் சிரித்தேன்.

டெல்சீட்டாவுக்கு ஆட்டும்போது இடித்துக்கொண்டாயா?

கப்பல் தாளில் கையெழுத்துப் போட 25ஆம் தேதி கடைசி நாள். போ என்று எழுது, அல்லது வா என்று எழுது. ஒரு வார்த்தை போதும். நீ வார்த்தைக்குக் கஞ்சன் என்பதால் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மெர்வி


கிங்ஸ்டன்
20 ஏப்ரல் 1975, ஞாயிறு

மெர்வி,

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக மேயரின் முற்றத்துக்குப் போய்வருகிறேன். சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிப்பான். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, சூப் விற்கிற அண்டாவுக்குப் பின்னால் நிற்பேன்.

ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை உன் தட்டைப் போடுகிறான். அவனுடையதும் மெத்தென்ற தட்டுதான், ஊசியும் கனம். 6ஆம் தேதி எல்லா வார்த்தையும் தெளிவாக இருந்தது. யாரோ என்னை அடையாளம் கண்டு கொக்கரித்தார்கள். 13ஆம் தேதி என் பறவையின் பேர் தேய்ந்துபோயிருந்தது. கூட்டம் தன் ஞாபகத்திலிருந்து பாடிச் சமாளித்தது. இன்று வார்த்தையே இல்லை. மழை மாதிரி ஒரு சரசரப்பு, அதற்குள்ளே டிரம்ஸ், மூன்றாவது வரி வரவேண்டிய இடத்துக்கு முன்னால் நீ சிரிப்பது. அது அவனுக்காக நீ பாடியதில் இல்லை, தகரக் கதவின் தாளத்திலேயே இருப்பது. மேலே பூசியதெல்லாம் போன பிறகும் அது போகவில்லை.

ஜனங்கள் கலைந்துபோனார்கள். மேயர் என்னைப் பார்த்துவிட்டான்.

“என்னடா குஞ்சு, இன்னும் என்னத்தைக் கேக்குற? இதுல ஒண்ணுமே இல்லியே.”

“இன்னொரு தரம் போடுங்கண்ணே” என்றேன்.

போட்டான். அதன்பிறகு ஒரு கிண்ணம் சூப் கொடுத்தான்.

என் தட்டு உறையில் இருக்கிறது. இதுவரை போடவில்லை. போட்டால் தேயும்.

டெல்சீட்டாவுக்கு இடித்துக்கொள்ளவில்லை.

வருகிற சனிக்கிழமை, 26ஆம் தேதி, காலை பத்து மணிக்கு ஸ்டூடியோ எடுத்திருக்கிறேன். ஆஸ்மண்ட் வருகிறான். கூண்டில் பெயின்ட் நாற்றம் போய்விட்டது. ஸ்டூடியோ நோட்டில் பாடுகிறவர் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

நீ கேட்ட ஒரு வார்த்தையை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்துவிட்டேன், கடைசியில் பார். அடித்ததற்கு அடியில் இருப்பதைப் படித்துக்கொள்.

கம்பி


ஓச்சோ ரியோஸ்
24 ஏப்ரல் 1975

கம்பி,

நீ அடித்ததை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். மிஸ் ஐனாவும் எட்டிப்பார்த்தாள். “ரெண்டு எழுத்துகூட இல்ல, இதுக்குப் போயி இவ்வளவு மையா?” என்றாள்.

மிஸ்டர் பாஸ்கோ கொடுத்த தாளில் ஒரு கப்பல் மடித்து ஹோட்டல் நீச்சல் குளத்தில் விட்டேன். 27ஆம் தேதிவரை பொறுக்காமல் இன்றே மூழ்கிவிட்டது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டைக்கு மட்டும்தான் இஸ்திரி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், முகத்துக்கும் சேர்த்துத்தான் போடுகிறார்.

நாளை ஸ்டெடியின் வேனில் வருகிறேன். இந்தக் கடிதம் இன்றைய வேனில் வருகிறது. மாமியார் வீட்டுப் பக்கம் திருப்பினால் கையைக் கடிப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வருவேன் என்று வாக்குத் தர மாட்டேன். பத்தரைக்குள் கதவு உதைபடும். திறந்துவிடு.

டெல்சீட்டாவையும் வரச்சொல். வர மாட்டேன் என்றால் நான் போய்க் கூட்டிவருகிறேன். அவள் பாட்டுக்குள் நான் நின்றுகொண்டிருந்தது எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன், அது வேறு விஷயம். ஆனால் இந்தத் தடவை நான் கூண்டுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிறேன். அவள் ஆஸ்மண்ட் பக்கத்தில் நின்று கூடவே பாடட்டும். என் பாட்டில் அவளும் கொஞ்சம் கசியட்டும்.

கொஞ்சம்தான். குமிழைத் திருகும்போது என்னைக் கேட்டுத் திருகு.

கண்ணாடியில் துணி கிணி கட்டி வைத்துவிடாதே. நீ நெற்றியை இடித்துக்கொள்கிறாயா என்று பார்க்கத்தான் வருகிறேன்.

மெர்வி